மேல்பிரிவுப் பொட்டலங்கள்

மனைவியைப் பெட்டியோடு கூடத்தில் விட்டுவிட்டு, சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் காளிமுத்து கடைவீதியில் ஓடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை எட்டு மணி. கலஹாவிலிருந்து தெல்தோட்டைக்குப் போகிற ரோட்டில் இருக்கிற அந்தக் கடைவீதியில் மொத்தமே இருபத்திரண்டு கடைகள். பதினெட்டாவது கடை அவருடையது. முதல் கடை ஸாகி ஹாஜியாரின் ஹார்ட்வெயார். நடுவில் இருந்த பதினாறு கடைக்காரர்களும் வாசலுக்கு வந்து பார்த்து, பாவம், மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உச்சுக்கொட்டினார்கள்.

புத்தி நன்றாகத்தான் இருந்தது. ஹாஜியாரிடம் அவருக்கு ஒரு காரியம் இருந்தது. சவப்பெட்டி எடுக்கிற நேரம் பகல் மூன்று மணி. அதற்குள் அது நடந்தாகவேண்டும்.

ஸாகி ஹாஜியார் பதினைந்து வருஷமாகக் கடைக்காரர் சங்கத்துத் தலைவர். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரிங்கொ அண்ணன். நீங்க ஏன் வந்தீங்க? எல்லாருக்கும் சொல்லியாச்சி. பெட்டி போற நேரம் எல்லா கடையும் ஷட்டர பாதி எறக்கும்."

"பாதி வேணாம் ஹாஜியார். முழுசா மூடணும். பன்னெண்டு மணியிலருந்து."

ஹாஜியார் தாடியைத் தடவினார். இந்தக் கடைவீதியில் இதற்கு ஒரு சட்டம் இருந்தது. சங்கத்து மெம்பர் ஒருவர் இறந்தால், பகல் பன்னிரண்டு மணியோடு எல்லாக் கடையும் பூட்டு. பெட்டி போய்ச் சேரும்வரை யாரும் திறக்கக் கூடாது. மெம்பரின் வீட்டு ஆட்கள் இறந்தால், ஊர்வலம் கடக்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கினால் போதும்.

"மெம்பர் நீங்கதானே அண்ணன். போர்டுலயும் ஒங்கட பேருதானே. அதும் இன்டைக்கு சனிக்கெழம. கெழமைக்கு ஒருநாள் யாவாரம். நான் என்னத்த சொல்லி எல்லாரையும் பூட்டச் சொல்ற?"

போர்டு என்னவோ 'காளிமுத்து ஸ்டோர்ஸ்'தான். லைசனும் அவர் பெயரில்தான். ஆனால் காளிமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் லொறி ஓட்டியவர். கொழுந்து மூட்டைக்கும் கொழும்பு ரோட்டுக்கும் அவரைத் தெரியும். கடைக்குள் இருக்கிற மூட்டைகளுக்கு அவரைத் தெரியாது. வேலையிலிருந்து நின்ற பிறகும் கடைவாசலில் கதிரை போட்டுப் பேப்பர் படித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் "மொதலாளி" என்று கும்பிட்டார்கள். அவரும் கூச்சநாச்சம் இல்லாமல் தலையை ஆட்டினார். முப்பத்து நாலு வருஷமாக விடியற்காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கியது அங்கம்மா. இரவு ஒன்பதுக்கு இறக்கியதும் அங்கம்மா. ரவையும் சீனியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மொதலாளிக்கு எது எது என்று சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையிலும் அவர் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தார். "தேத்தண்ணி" என்று இரண்டு தடவை உள்ளே குரல் கொடுத்தார். பதில் இல்லை. காது அடைத்துவிட்டதா இவளுக்கு என்று மூன்றாம் தடவை எரிச்சலோடு எழுந்து போனால், அங்கம்மா மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்து, கையில் நூல்கண்டோடு அலுமாரியில் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். நெஞ்சு, உடனே நின்றிருக்கிறது, நோவு தெரிந்திருக்காது என்று சொல்லித் தோளைத் தட்டினார்.

காளிமுத்து கதிரையில் உட்காரவில்லை. ஹாஜியாரின் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"ஹாஜியார், நீங்க ஒருநாளாவது நான் அந்த ஷட்டர தூக்கிப் பாத்திருக்கீங்களா?"

ஹாஜியார் மேசையில் கிடந்த ஆணிகளை ஒதுக்கினார்.

"ஒரு கிலோ பருப்பு நான் நிறுத்துப் பாத்திருக்கீங்களா? கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டதும், வடை தின்னதும்தான் நான். மெம்பரு நான் இல்ல. அவ தான். என் பேர வெட்டிட்டு அவ பேர எழுதுங்க. எழுதிட்டு மூடச் சொல்லுங்க. எனக்கு அவளுக்குச் செய்ய வேற ஒண்ணும் இல்ல."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. ஹாஜியார் மேசை லாச்சியைத் திறந்து சங்கத்துக் கொப்பியை எடுத்தார். பதினெட்டாம் நம்பருக்கு எதிரே இருந்த பெயரில் ஒரு கோடு போட்டு, மேலே 'அங்கம்மா' என்று எழுதினார். எழுத்துப் படிக்கத் தெரியாத அங்கம்மாவின் பெயர் அப்படித்தான் அந்தக் கொப்பிக்குள் ஏறியது.

"இனி நீங்க மவுத்தானா பாதி ஷட்டர்தான் அண்ணன். இப்பவே சொல்லிட்டன்."

"கால்வாசி போதும் ஹாஜியார்" என்றார் காளிமுத்து.

அழுகிற நேரத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹாஜியார் தன் செருப்பைக் கழற்றி அவருக்குக் கொடுத்து, சட்டையைத் திருப்பிப் போடச் சொல்லி அனுப்பினார். பிறகு தானே கடைகடையாக நடந்தார். யாரிடம் என்ன சொன்னாரோ, யார் முகத்தைச் சுளித்தார்களோ தெரியாது. பேக்கரி சுமணே மட்டும் சனிக்கிழமைக்கென்று போட்ட பாண் முழுவதையும் இரண்டு கூடையில் சாவீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

பன்னிரண்டு மணிக்கு முதல் ஷட்டர் இறங்கியது. காளிமுத்துவின் வீடு கடைக்குப் பின்னால், கடையோடு ஒட்டியே இருந்தது. நடுவில் ஒரு கதவுதான். கூடத்தில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலாக, கடகடவென்று ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டர்கள் இறங்குவது நன்றாகக் கேட்டது. காளிமுத்து பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். அவருடைய கடை வெள்ளியிலிருந்தே பூட்டிக் கிடந்ததால் இருபத்தொன்று வரவேண்டும். சரியாக வந்தது. அவர் குனிந்து, "கேக்குதா புள்ள? எல்லாம் ஒனக்குத்தான்" என்று மெல்லச் சொன்னார்.

நெஞ்சு நிறைந்துபோயிற்று. உயிரோடு இருக்கிறபோது ஒரு தடவைகூட நன்றி என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. இப்போது ஊரே சேர்ந்து தனக்காகச் சொல்லிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ஹாஜியாருக்கும் சுமணேவுக்கும் மற்றக் கடைக்காரர்களுக்கும் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு முடிவதற்குள் பஸ் ஹோர்ன் அடித்தது.

மேல்பிரிவு பஸ். போன மழைக்கு மலைப்பக்க ரோடு சரிந்ததிலிருந்து தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் இருக்கிற தொழிலாளர் லயங்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் பஸ் ஓடுகிறது. அதுவும் சரிவு வரைக்கும்தான். அதற்கு மேலே தலைச்சுமையோடு ஒன்றரை மைல் நடை. பன்னிரண்டு மணிக்கு வந்து இரண்டு மணிக்குத் திரும்பிவிடும். அதை விட்டால் அடுத்த சனிக்கிழமை. மேலே போனும் எடுப்பதில்லை. யார் செத்தது, யார் பிழைத்தது என்று ஒரு சேதியும் மலை ஏறுவதில்லை.

நாலு பெண்கள் சந்து வழியாக உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தது வடிவம்மா. ஐம்பது வயசிருக்கும். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த விரல்கள். ரோட்டில் வெள்ளைக் கொடியைப் பார்த்து, மூடிய கடைகளைப் பார்த்து, யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். பெட்டியைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போன சனிக்கெழம என் கையப் புடிச்சு, பாத்துப் போடின்னு சொன்னியே தாயீ! ரோடு சரிஞ்ச கெழம எங்க லயமே ஒன் மாவுலதானே உசிரு பொழச்சுச்சு!"

மற்ற மூவரும் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது, மூக்கைச் சிந்தி, தேத்தண்ணி குடித்து, ஓரமாக உட்கார்ந்தார்கள். அப்போதுதான் காளிமுத்து அதைப் பார்த்தார். நாலு பேர் மடியிலும் வெறும் பைகள். நாலாக மடித்த உரப் பைகள். வடிவம்மா அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"சாமான் வாங்கிட்டீங்களா வடிவம்மா?"

"அதெல்லாம் அடுத்த கெழம பாத்துக்கலாம் மொதலாளி."

"அதுவரைக்கும்?"

வடிவம்மா பையை இன்னும் சின்னதாக மடித்தாள். பக்கத்தில் இருந்த சின்னப்பெண் துஷானி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குக் கைப்பிள்ளை ஒன்று இருந்தது.

காளிமுத்துவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. சட்டத்தை மாற்றி, ஹாஜியாரைக் கெஞ்சி, பாதி ஷட்டரை முழு ஷட்டராக்கியது யார்? இவர். பெரிய மரியாதை செய்கிறேன் என்று இந்த நாலு பேரையும் வெறும் பையோடு மலையேற வைத்ததும் இவர்தான். சனிக்கிழமை என்றால் என்ன என்று கடை நடத்தினவனுக்குத் தெரிந்திருக்கும். கதிரையில் உட்கார்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? அட முட்டாப்பயலே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

எழுந்து நடுக்கதவைத் திறந்து கடைக்குள் போனார். உள்ளே இருட்டு, கருவாடும் சவுக்காரமும் கலந்த வாசம். தட்டுத்தடவி முன்பக்கம் போய் ஷட்டரின் பூட்டைத் திறந்தார். தூக்கினால் அது அசையவில்லை. எங்கே பிடித்து எப்படித் தூக்குவது என்றுகூடத் தெரியவில்லை. பின்னாலேயே வந்த வடிவம்மா, "இடது பக்கம் ஒரு ஒத குடுத்துத் தூக்குங்க மொதலாளி, அவங்க அப்பிடித்தான் செய்வாங்க" என்றாள். உதைத்தார். ஷட்டர் ஊரையே கூப்பிடுகிற சத்தத்தோடு மேலே போனது.

மகன் ரமேஸ் ஈர வேட்டியோடு ஓடிவந்தான். கண்டியில் மாநகரசபையில் கிளார்க் வேலை அவனுக்கு.

"அப்பா! என்ன பண்றீங்க? அம்மா பொட்டி உள்ள இருக்கு! தீட்டு வீட்டுல யாவாரமா? நமக்காக ஊரே கடைய மூடியிருக்கு, நம்ம கடைய நாம தொறந்தா மொகத்துல காறித் துப்ப மாட்டாங்களா?"

"துப்பட்டும்."

"மூடுங்கப்பா. கெஞ்சிக் கேக்குறேன்."

"ஒங்கம்மா ஒருநாளாவது இவங்கள வெறுங்கையோட அனுப்பியிருக்காளாடா? நீ சொல்லு. அனுப்பியிருக்கான்னா நானே மூடுறேன்."

ரமேஸ் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட அங்கேயே நின்றான்.

காளிமுத்து மேசைக்குப் பின்னால் போய் நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து அவர் கடையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அலுமாரியில் வரிசையாகத் தகரங்கள். கடை திறந்த வருஷம் அவரே பெயின்டால் பெயர் எழுதிக்கொடுத்தவை. 'மிளகாய்' என்று இருந்த தகரத்தைத் திறந்தால் உள்ளே சீனி. 'மல்லி'யில் பால்மா பக்கெட்டுகள். 'பருப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதியதற்குள் மெழுகுதிரி.

"எழுத்தப் பாக்காதீங்க மொதலாளி" என்றாள் துஷானி. "பருப்பு அந்த நெளிஞ்ச தகரத்துல இருக்கு. மூடி இல்லாததுல உப்பு."

"நான் எழுதினது ஒண்ணுகூடவா சரியில்ல?"

"வெள்ளப்பூடு சரி" என்றாள் அவள் யோசித்து.

மேசைக்குக் கீழே, மாவு மூட்டைக்குப் பக்கத்தில், பேப்பரில் சுற்றிய பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்து நூல். மஞ்சள், சிவப்பு, கறுப்பு, சிவப்பும் வெள்ளையும் முறுக்கியது. அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல்பிரிவுப் பொட்டலம்" என்றாள் வடிவம்மா. "பதினோரு வீட்டுக்கும் வெள்ளிக்கெழமயே கட்டி வச்சிருவாங்க. வீட்டுக்கு ஒரு நூலு. மஞ்ச அங்காயி வீடு. கறுப்பு கங்காணி வீடு. நாங்க வந்து தூக்கிட்டு ஓடுறதுதான், இல்லேன்னா பஸ்ஸப் புடிக்க ஏலாது."

எண்ணினார்கள். ஏழு இருந்தது. மீதி நாலையும் கட்ட அங்கம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த நாலும் இந்த நாலு பேருடைய வீடுகள்தான்.

"சரி, ஒன் பொட்டலத்துல என்ன என்ன இருக்கும், சொல்லு. நான் கட்டுறேன்."

வடிவம்மா முழித்தாள். "நான் ஒருநாளும் சொன்னதில்லயே மொதலாளி. அவங்களேதான் போடுவாங்க. வீட்டுல ஆளு கூடினா கூடப் போடுவாங்க. மருமவ முழுகாம இருக்கான்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே பொட்டலத்துல புளி கூடிருச்சு."

காளிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒருத்தி தன் வீட்டில் இருந்திருக்கிறாள். அவருடைய தேத்தண்ணியில் என்றைக்காவது சீனி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? ஒருநாளும் இல்லை. முப்பத்து நாலு வருஷமும் அவருக்கும் யாரும் கேட்காமலே ஒரு பொட்டலம் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதை நினைக்கையில் அழுகையைவிட நன்றிதான் முந்திக்கொண்டு வந்தது.

ஐந்து பேருமாகச் சேர்ந்து ஞாபகப்படுத்திக் கட்டினார்கள். பருப்பு ஒன்றரை இருக்கும், இல்லை இரண்டு, போன வாரம் கனமாக இருந்தது. தராசு அவர் சொல்பேச்சைக் கேட்கவில்லை. மாவு மேசையெல்லாம் கொட்டியது. அவர் சுற்றிய பொட்டலம் ஒரு பக்கம் வாயைப் பிளந்தது. பார்த்துக்கொண்டே நின்ற ரமேஸ் கடைசியில் பெருமூச்சு விட்டு, "குடுங்க இங்க" என்று வாங்கி, பேப்பரை மடித்து, நூலைப் பல்லில் கடித்துச் சுண்டி முடிச்சுப் போட்டான். அச்சு அசல் அங்கம்மாவின் முடிச்சு.

"எங்கடா படிச்ச?"

"பள்ளிக்கொடம் விட்டு வந்தா வேற என்ன வேல குடுத்தாங்க அம்மா" என்றான்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. ஸாகி ஹாஜியார். எல்லா ஷட்டரும் இறங்கிய ரோட்டில் ஒரே ஒரு கடை ஆவென்று திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இருபது பேரிடம் கெஞ்சிப் பூட்ட வைத்தவர். காளிமுத்து மாவுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மன்னிச்சுக்கங்க ஹாஜியார். மேல்பிரிவு பஸ்ஸ நான் மறந்துட்டேன்."

ஹாஜியார் பொட்டலங்களைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார். நாலு பெண்களையும் பார்த்தார்.

"யா அல்லாஹ், நானும் மறந்துட்டனே" என்றார். "அங்கம்மா இருந்தா ஞாபகப்படுத்தியிருப்பா." பிறகு வடிவம்மாவிடம், "பஸ் ரெண்டு மணிக்குத்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. பொட்டி எடுக்கிற வரைக்கும் நிக்கக் குடுத்து வைக்கல எங்களுக்கு."

ஹாஜியார் வெறுங்காலோடு பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். செருப்பு இன்னும் காளிமுத்துவின் காலில்தான் இருந்தது. டிரைவரிடம் அவர் சிங்களத்தில் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. டிரைவர் தொப்பியைக் கழற்றினான். எஞ்சின் நின்றது.

மூன்று மணிக்குத் தப்பு முழங்கியது. பெட்டியைச் சந்து வழியாகக் கொண்டுபோவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் சந்து குறுகல், சகதி வேறு, பெட்டியைச் சரித்துத்தான் எடுக்கவேண்டும் என்று தூக்குகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"சரிக்க வேணாம்" என்றார் காளிமுத்து. "கடை தொறந்துதானே இருக்கு. இப்பிடியே வரட்டும்."

ரமேஸும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தோளில் வைத்து நடுக்கதவைத் தாண்டினார்கள். துஷானி தராசை நகர்த்தினாள். ஒருத்தி உப்பு மூட்டையை முழங்காலால் தள்ளினாள். உத்தரத்தில் தொங்கிய வாழைக்குலை பெட்டியில் இடித்துவிடும் போல இருந்தது. வடிவம்மா பெருவிரலில் எம்பி அதை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தாள். காளிமுத்து முன்னால் ஓடினார். வாசலில் திரை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த பிஸ்கட் சரங்களையும் ஷாம்பூ சரங்களையும் வாரி ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிலையோடு ஒட்டி நின்றார்.

"பாத்துடா. மெதுவா" என்றார்.

பெட்டியின் கால்பக்கம் வெயிலுக்கு வந்தது. பிறகு தலைப்பக்கம். ரோட்டின் இரண்டு பக்கமும் ஷட்டர்கள் இறங்கியிருந்தன, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். தப்புச் சத்தம் நகரத் தொடங்கியது. ரமேஸ் திரும்பி, "அப்பா, வாங்க" என்றான். காளிமுத்து சரங்களைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவற்றை எந்த ஆணியில் மாட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.